அம்மாவின் ஒரு டொலர் 56 சதம்

ஜனவரி கடைசியில் ஒரு நாள், வேலையில் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது அம்மா போன் எடுத்தா. அம்மா பகலில் போன் எடுக்கிற ஆள் இல்லை. பயந்துபோய் வெளியில வந்து எடுத்தேன்.

"பிள்ளை, கவுண்மேந்து எனக்கு எவ்வளவு கூட்டியிருக்கு எண்டு தெரியுமோ?"

"எவ்வளவம்மா?"

"ஒரு டொலர் அம்பத்தாறு சதம்." சொல்லிப்போட்டுச் சிரிச்சா. "வாடகைக்கு எவ்வளவு கூட்டியிருக்கிறாங்கள் எண்டு கேளன். முப்பது டொலர் நாப்பத்தஞ்சு சதம்."

அம்மா பகிடியாகத்தான் சொன்னா. ஆனால் அந்தக் கணக்கு எனக்கு மண்டைக்குள்ள நின்றுவிட்டது. சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மல்வேர்னுக்குப் போனேன். அப்பா போன பிறகும் அம்மா அந்த அபார்ட்மெண்டை விட்டு வரமாட்டேன் என்றுதான் இருக்கிறா. கோயிலுக்குப் போக ஆள் இருக்கு, தமிழ்க் கடை கிட்ட, நீல்சன் ரோட்டில் பஸ் எடுத்தால் எங்கேயும் போகலாம் என்பது அவவின் நியாயம். பிள்ளைகள் அம்மம்மாவோடு இடியப்பம் பிழிய, நான் மேசையில் இருந்து அம்மாவின் கொப்பியைத் திறந்தேன். எந்த மாதம் எவ்வளவு காசு வந்தது, எதுக்குப் போனது என்று 1990-இல் வந்த நாளிலிருந்து அம்மா எழுதுகிற கொப்பி அது. இது எத்தனையாவது கொப்பியோ தெரியாது.

இந்த முறை பத்தி அந்தக் கொப்பியைப் பற்றித்தான். எங்கட வயதுக்காரர் கனபேருக்குப் பிள்ளையின் ஆர்.ஈ.எஸ்.பி. கணக்கு சதம் சதமாகத் தெரியும். அம்மா அப்பாவுக்கு மாதம் எவ்வளவு வருகிறது, அது எப்போது கூடும், ஏன் சில வேளை குறையும் என்று கேட்டால் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அதற்கு விலை கொடுத்தது அம்மா. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஒரு டொலர் 56 சதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அம்மா "ஓல்ட் ஏஜ் காசு" என்று சொல்வது ஓ.ஏ.எஸ். இது 18 வயதுக்குப் பிறகு கனடாவில் எத்தனை வருடம் வாழ்ந்தீர்கள் என்பதை வைத்துத் தருவது. 40 வருடம் இருந்தால் முழுதும். அம்மா 37 வயதில் வந்தா, 2018-இல் 65 ஆனது. ஆகவே 28 வருடம், நாற்பதில் இருபத்தெட்டுப் பங்கு. வாங்கத் தொடங்கிய பிறகு இன்னும் எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் அந்தப் பங்கு மாறாது. எங்கட பெற்றோரில் பெரும்பாலானவர்கள் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள். அதனால் முழு ஓ.ஏ.எஸ். எடுப்பவர்கள் குறைவு. பத்திரிகையில் போடுகிற தொகையைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு ஏன் குறைய வருது?" என்று அம்மாவைக் கேட்காதீர்கள்.

ஓ.ஏ.எஸ். வருடத்தில் நாலு தரம் பார்க்கப்படும்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர். நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் மூன்று மாதச் சராசரி, முந்தைய மூன்று மாதச் சராசரியை விட எவ்வளவு கூடியிருக்கிறதோ அந்த வீதம் காசும் கூடும். இந்த ஜனவரிக்கு 0.3 வீதம். 75 வயதுக்குக் கீழே முழுத் தொகை 740.09-இலிருந்து 742.31 டொலரானது. அம்மாவின் பங்கு 518.06-இலிருந்து 519.62. அதுதான் அந்த ஒரு டொலர் 56 சதம்.

"பாத்தியே, பிச்சைக் காசு" என்றா அம்மா. நான் சொன்னேன், ஜனவரியை மட்டும் பார்க்காதேங்கோ, போன ஜனவரியிலிருந்து பாருங்கோ. 2025 ஜனவரியில் முழுத் தொகை 727.67. ஆகவே ஒரு வருடத்தில் கூடியது 2 வீதம். அதிலும் 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஒரு சதம்கூடக் கூடவில்லை. ஜூலையில் 1 வீதம், ஒக்டோபரில் 0.7 வீதம், இப்போது 0.3. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கண்ணில் படாது.

சி.பி.பி. வேறு மாதிரி. அது வேலை செய்த காலத்தில் சம்பளத்திலிருந்து கட்டியது. இது வருடத்தில் ஒரே தரம், ஜனவரியில் மட்டும் கூடும். ஒக்டோபரோடு முடிகிற 12 மாதத்தின் சராசரி விலைச் சுட்டெண்ணை, அதற்கு முந்தைய 12 மாதத்தோடு ஒப்பிடுவார்கள். விலைகள் பறந்த காலத்தில், 2023 ஜனவரியில் 6.5 வீதமும் 2024-இல் 4.4 வீதமும் கூடியது. இந்த முறை 2 வீதம். அம்மாவின் சொந்த சி.பி.பி.யும் அப்பாவின் பேரில் வருவதும் சேர்த்து 520 டொலர், இப்போது 530.40.

மூன்றாவது ஜி.ஐ.எஸ். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ஓ.ஏ.எஸ்-ஓடு சேர்த்துத் தருவது. இதுவும் ஓ.ஏ.எஸ். போல நாலு தரம் கூடும். ஆனால் இதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும், போன வருட வருமானத்தைப் பார்த்து மறுபடி கணிப்பார்கள். ஓ.ஏ.எஸ். தவிர்ந்த வருமானம் கூடினால் ஜி.ஐ.எஸ். குறையும். தனியாக இருப்பவருக்கு, கூடின ஒவ்வொரு டொலருக்கும் கிட்டத்தட்ட அரைவாசி குறையும், சிலருக்கு அதற்கும் மேல்.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சி.பி.பி. ஜனவரியில் கூடுகிறது. அது வருமானம். அடுத்த வருட வரிப் பத்திரத்தில் வருகிறது. அந்த ஜூலையில் ஜி.ஐ.எஸ்-இலிருந்து அதில் பாதி போகிறது. ஒரு கையால் கொடுத்து மற்றக் கையால் எடுப்பது என்று அம்மா சொல்வது சும்மா வயிற்றெரிச்சல் இல்லை, கணக்கும் அதுதான். ஆனால் ஜி.ஐ.எஸ்-இன் உச்சத் தொகையும் விலையோடு கூடிக்கொண்டே போவதால், மொத்தத்தில் கொஞ்சம் மிஞ்சும்.

நாலாவது, அப்பா வேலை செய்த ஃபேக்டரியின் பென்சன். மாதம் 210 டொலர். 2012-இல் தொடங்கியபோதும் 210, இன்றைக்கும் 210. அந்தத் திட்டத்தில் விலைவாசிக்கு ஏற்றுவது என்று ஒன்றும் இல்லை. 2012-க்கும் இன்றைக்கும் இடையில் கனடாவில் விலைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டன. அன்றைய 155 டொலருக்கு வாங்கக்கூடியதைத்தான் இன்றைய 210 வாங்கும். தொகை குறையவில்லை, ஒருவரும் கடிதம் போட்டுக் குறைக்கவில்லை, ஆனால் கால்வாசி காணாமல் போய்விட்டது. விலைவாசிக்கு ஏற்றுகிற பென்சனுக்கும் ஏற்றாத பென்சனுக்கும் வித்தியாசம் என்ன என்று யாராவது கேட்டால், அம்மாவின் கொப்பியில் அந்த இரண்டு வரியையும் காட்டுவேன்.

இனி வாடகை. ஒன்ராறியோவில் இருக்கிற ஆளுக்கு 12 மாதத்தில் ஒரு தரம், 90 நாள் முன்னறிவிப்போடு கூட்டலாம். மாகாணம் அறிவிக்கிற வீதத்துக்கு மேல் போகவேண்டுமென்றால் வீட்டுக்காரர் தனியாக அனுமதி எடுக்கவேண்டும். 2023, 2024, 2025 மூன்று வருடமும் 2.5 வீதம், 2026-க்கு 2.1. அம்மாவின் 1,450 டொலர் வாடகைக்கு அதுதான் 30.45.

இப்போது ஒரு வருடத்தை ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். ஓ.ஏ.எஸ்-இல் 10.25. சி.பி.பி.யில் 10.40. ஜி.ஐ.எஸ்-இல், ஜூலையில் குறைந்ததையும் கழித்தால், ஒரு பத்து. ஃபேக்டரி பென்சனில் சைபர். மொத்தம் முப்பது, முப்பத்தொரு டொலர். வாடகை 30.45. வந்ததை வாடகை அப்படியே எடுத்துக்கொண்டது. அரிசி, மீன், மருந்து, பஸ், போன் பில் எல்லாம் போன வருடக் காசிலேயே ஓடவேண்டும்.

"அப்ப இந்த விலைச் சுட்டெண் பொய்யோ?" என்று அம்மா கேட்டா. பொய் இல்லை. அது நாடு முழுதுக்குமான சராசரிக் குடும்பத்தின் கூடை. அந்தக் கூடைக்குள் கார் இருக்கு, பெற்றோல் இருக்கு, மோட்கேஜ் வட்டி இருக்கு. அம்மாவிடம் கார் இல்லை. 2025 ஏப்ரலில் பெற்றோல் மீதான கார்பன் வரியை எடுத்தபோது சுட்டெண் இறங்கியது. அதற்கு முன், 2024 டிசம்பர் நடுவிலிருந்து 2025 பெப்ரவரி நடுவரை சில சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருந்தது, அதுவும் சுட்டெண்ணை இழுத்துக் கீழே வைத்தது. பெற்றோல் மலிந்ததால் எனக்கு லாபம், நான் தினம் ஓடுகிறேன். ஓடாத அம்மாவின் பென்சன் அதனால் குறைவாகக் கூடியது. அதே வருடத்தில் கடைச் சாப்பாட்டுச் சாமான் விலை மொத்தச் சுட்டெண்ணை விட வேகமாக ஏறியது. அம்மாவின் கூடையில் வாடகையும் சாப்பாடும்தான் பெரும்பங்கு. ஆகவே "2 வீதம் கூடியிருக்கே, பிறகென்ன" என்று நாங்கள் சொல்லும்போது, அவர்களுடைய 2 வீதம் எங்களுடையது இல்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த ஏற்பாடு பெரிய விஷயம் என்பதையும் சொல்லவேண்டும். கேட்காமல் வருகிறது. விலை இறங்கினாலும் ஓ.ஏ.எஸ்., சி.பி.பி. இரண்டும் இறங்காது. இது சட்டத்தில் இருக்கிறது. சும்மா கிடைத்ததும் இல்லை. சி.பி.பி. தொடங்கிய 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விலை எவ்வளவு ஏறினாலும் பென்சனை வருடத்துக்கு 2 வீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை என்ற உச்சவரம்பு இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் விலைகள் ஏற, அதை எடுத்தார்கள். பிறகு 1985 பட்ஜெட்டில் மல்ரோனி அரசாங்கம், விலைவாசி உயர்வில் முதல் 3 வீதத்தை விட்டு அதற்கு மேலே உள்ளதை மட்டும் ஓ.ஏ.எஸ்-இல் கூட்டுவோம் என்றது. வருடத்துக்கு 3 வீதம் என்றால் சின்னதாகத்தான் தெரியும். பத்து வருடம் விட்டால் காசின் பெறுமதியில் கால்வாசி போய்விடும், அப்பாவின் ஃபேக்டரி பென்சன் மாதிரி. அந்த ஜூனில் ஒட்டாவா பாராளுமன்றத்துக்கு முன்னால் 63 வயதான சொலாஞ்ச் டெனி என்ற பெண், பிரதமரின் முகத்துக்கு நேரே, நீங்கள் எங்களிடம் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். தொலைக்காட்சிகள் அதைக் காட்டின. அந்த மாதம் முடிவதற்குள் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. அம்மாவின் கொப்பியில் ஏறுகிற ஒவ்வொரு வரியிலும் அந்த அம்மாவுக்கும் ஒரு பங்கு இருக்கு.

மற்ற இடங்களைப் பாருங்கள். என் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2022 செப்டெம்பரில் இலங்கையில் விலைவாசி உயர்வு ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டபோது, அவருடைய பென்சன் தானாக அதன் பின்னால் ஓடவில்லை. அங்கே அரசாங்கம் முடிவெடுத்துக் கூட்டினால்தான் கூடும். இந்தியாவில் அகவிலைப்படி வருடத்துக்கு இரண்டு தரம் கூடுவது வழக்கம். ஆனாலும் கொரோனாக் காலத்தில், 2020 ஜனவரியிலிருந்து 2021 ஜூன் வரை, மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான மூன்று தவணை உயர்வு ஒரு உத்தரவில் நிறுத்தப்பட்டது. லண்டனில் உழைத்துவிட்டு பிள்ளைகளோடு இருக்க ரொறன்ரோ வருகிற சித்தப்பா, மாமா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பிரித்தானிய அரச பென்சன் எடுப்பவர் கனடாவில் வந்து குடியிருந்தால் அந்தத் தொகை அப்படியே உறைந்து நிற்கும், வருடாவருடம் கூடாது. இலங்கையிலும் இந்தியாவிலும் போய் இருந்தாலும் அதே கதை. அமெரிக்காவில் இருந்தால் கூடும்.

சரி, நான் சொல்லுகிறேன் என்ற கதைக்கு வருகிறேன்.

2024 ஜூலையில் அம்மாவின் ஜி.ஐ.எஸ். நின்றுவிட்டது. காரணம் நான். ஜி.ஐ.எஸ். ஒவ்வொரு வருடமும் வரிப் பத்திரத்தைப் பார்த்துத்தான் புதுப்பிக்கப்படும். ஏப்ரல் 30-க்குள் டாக்ஸ் ஃபைல் பண்ணினால் பெரும்பாலும் தானாக நடக்கும். அந்த வருடம் எனக்குச் சின்னவன் பிறந்து, வேலையில் புதுப் ப்ராஜெக்ட், அம்மாவின் டாக்ஸ்தானே, அம்மாவுக்கு வரி கட்டவும் இல்லை, பிறகு செய்வோம் என்று விட்டேன். வரி கட்டத் தேவையில்லாத ஆள் ஃபைல் பண்ணத் தேவையில்லை என்று நினைத்தேன். மாஸ்டர்ஸ் படித்த பிள்ளைதான் நான்.

ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர். மூன்று மாதம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவவின் எண்ணம், கவுண்மேந்து குறைத்துவிட்டது, ஏதோ காரணம் இருக்கும் என்பது. ஒக்டோபரில் ஒரு நாள் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது மீன் இல்லை. "வெள்ளிக்கிழமையில்லையே, ஏனம்மா மீன் இல்லை?" என்று கேட்டேன். "எனக்கு இப்ப மீன் மணம் பிடிக்கிறேல்லை" என்றா. வாழ்நாள் முழுக்க விளைமீன் குழம்பு வைத்த மனுசி. அப்போதுதான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஜூலைக்கு நேரே தொகையை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தா. ஓகஸ்டிலும் ஒரு கேள்விக்குறி. செப்டெம்பரில் கேள்விக்குறிகூட இல்லை.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பச்சைப் பிள்ளையோட நித்திரை இல்லாமல் நிக்கிறாய். இதை வேற சொல்லோணுமே?"

அன்றிரவே ஃபைல் பண்ணினேன். விட்டுப்போன மாதங்களின் காசும் பிறகு சேர்ந்து வந்தது. ஆனால் அந்த மூன்று மாதம் அம்மா எப்படிச் சமாளித்தா என்று இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வருடத்தில் இரண்டு நாள், ஜனவரிக் கடைசியிலும் ஜூலைக் கடைசியிலும், அம்மா அப்பாவோடு மேசையில் இருங்கள். பாங்க் கணக்கில் ஓ.ஏ.எஸ்., ஜி.ஐ.எஸ்., சி.பி.பி. மூன்றும் வந்திருக்கா, போன முறையை விட எவ்வளவு என்று பாருங்கள். ஏப்ரல் 30-ஐ உங்கள் போனில் போட்டு வையுங்கள், வருமானமே இல்லாவிட்டாலும் ஃபைல் பண்ணுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாக டாக்ஸ் செய்து கொடுக்கும் முகாம்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கும். உங்களுக்கு நேரமில்லை என்றால் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்காக நீங்கள் சேர்விஸ் கனடாவோடு பேசவேண்டுமென்றால் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும். சுகமாக இருக்கும்போதே அதை அனுப்பி வையுங்கள்.

இன்னும் மூன்று விஷயம். ஜி.ஐ.எஸ். எடுக்கிற அப்பா, ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து பேத்தியின் அரங்கேற்றத்துக்கு என்று பெரிய தொகை எடுத்தால், அடுத்த ஜூலையில் ஜி.ஐ.எஸ். அடிபடும். எடுக்க முதல் கணக்குப் பாருங்கள். ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் ஜி.ஐ.எஸ். நிற்கும். 18 வயதுக்குப் பிறகு இங்கே 20 வருடம் வாழ்ந்தவருக்கு ஓ.ஏ.எஸ். மட்டும் எங்கே இருந்தாலும் தொடரும். வாடகை விஷயத்தில், பழைய கட்டடத்தை விட்டு 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த புதுக் கொண்டோவுக்கோ பேஸ்மெண்டுக்கோ மாறினால், அந்த 2.1 வீதக் கட்டுப்பாடு அங்கே பொருந்தாது. பென்சன் விலைச் சுட்டெண்ணோடுதான் ஏறும். வாடகைக்கு அப்படி ஒரு கயிறு இல்லாத இடத்துக்கு அம்மாவை மாற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

அம்மாவுக்கு 2028-இல் 75 ஆகும். 2022 ஜூலையிலிருந்து 75 தாண்டியவர்களுக்கு ஓ.ஏ.எஸ். 10 வீதம் கூட, விண்ணப்பிக்கத் தேவையில்லை. இன்றைய கணக்கில் அம்மாவுக்கு ஏறக்குறைய 52 டொலர். அதைச் சொன்னதும், "அதுவரைக்கும் நான் இருக்கோணுமே" என்றா. இருப்பீங்கள் என்றேன்.

புறப்படும்போது அம்மா ஜனவரிப் பக்கத்தில் 1.56 என்று எழுதிக் கீழே கோடு போட்டா. மூத்தவள் எட்டிப் பார்த்து, "அம்மம்மா, ஒரு டொலருக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் வாங்கேலாது. ஆனா நான் ஒருத்தரிட்டயும் கேளாமல் வந்த காசு, குஞ்சு."

இந்த மாதம் நீங்களும் ஒருக்கால் அந்தக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். கொப்பி இல்லாத வீடு என்றால், ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடுத்த முறை சந்திப்போம்.